ஞாயிறு பத்து முதல் ஆறு வரை

2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை, மாலை மணி 6.07. மழை ஐந்தரைக்கே விட்டிருந்தது. ஆனாலும் சிங்கப்பூரின் கிளமெண்டி எம்ஆர்டி ரயில் நிலையத்தின் கூரை விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருந்தது. மேற்கில் மட்டும் வானம் கொஞ்சம் வெளுத்திருந்தது. பேத்தியை அவள் தாயிடம் ஆறு மணிக்கு ஒப்படைத்திருக்க வேண்டும். ரெட்ஹில்லில் ஒரு ரயிலைத் தவறவிட்டோம், ஏழு நிமிடம் தாமதமாகிவிட்டது.

அவள் தாய் வழக்கம்போல மூன்றாவது தூணருகே நின்றிருந்தாள். எட்டு வருடம் என் மகனுக்கு மனைவியாக இருந்தவள். விவாகரத்தாகி மூன்று வருடம் ஆகிவிட்டது. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்க நான் வாயெடுத்தேன். அவள் அதைக் கவனிக்கவில்லை.

"மாமா, ஒரு நிமிஷம் பேசணும்."

மகனோடு உறவு முறிந்த பிறகும் அவள் என்னை மாமா என்றுதான் அழைத்துவந்தாள். மாற்றும்படி யாரும் சொல்லவில்லை. அவளும் மாற்றிக்கொள்ளவில்லை.

பேத்தியைப் பக்கத்து ரொட்டிக் கடைக்கு அனுப்பிவிட்டுச் சொன்னாள். "ஜூன் ஒம்பதாந்தேதி எனக்குக் கல்யாணம். வேற யாரும் சொல்லி நீங்க கேக்கக் கூடாது. அதான் நானே சொல்றேன்."

நான் நல்லது என்றேன். பிறகு, "ஒன்பது என்ன கிழமை?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்க வேண்டிய கேள்வி அதுவா என்று பின்னால் பலமுறை யோசித்திருக்கிறேன்.

"ஞாயிறு. பத்தரையிலேர்ந்து பதினொண்ணுக்குள்ள முகூர்த்தம். அந்த வாரம் மட்டும் பிள்ளைய சனிக்கிழமை வச்சுக்கிறீங்களா மாமா? அன்னிக்கு அவ என் பக்கத்துல இருக்கணும்."

"பார்ப்போம்" என்றேன். பேத்தி ரொட்டியோடு ஓடிவந்தாள். ஜூன் 9 வரை, அதையும் சேர்த்து, ஏழு ஞாயிறு இருந்தது. திரும்பும் ரயிலில் இதைத்தான் முதலில் எண்ணினேன்.

நான் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிளார்க்காக முப்பத்து நான்கு வருடம் இருந்தவன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணிக் கையெழுத்துப் போடுவதுதான் வேலை. ஓய்வு பெற்றுப் பதினான்கு வருடம் ஆகியும் எண்ணுவது நிற்கவில்லை. புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் லிஃப்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை 212 அடி. ரெட்ஹில்லிலிருந்து கிளமெண்டிக்கு ஐந்து நிலையம். இவற்றை எண்ணுவதால் என்ன பயன் என்று என் மகன் கேட்பான். பயன் என்று ஒன்றும் இல்லை.

நீதிமன்ற உத்தரவு இப்படி இருந்தது: பிள்ளை தாயோடு வசிக்கும்; தகப்பன் ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் மாலை ஆறு மணி வரை தன்னோடு வைத்துக்கொள்ளலாம். முதல் ஞாயிறு 2021 மே 2. அன்று தொடங்கி 2024 ஏப்ரல் 21 வரை 156 ஞாயிறு. காய்ச்சல், தேர்வு, ஊர்ப் பயணம் என்று பதினான்கு போக, மிச்சம் 142. அதில் என் மகன் போய் அழைத்து வந்தது 19 முறை. அவனுக்குத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். ஞாயிறும் மற்ற நாளும் அவனுக்கு ஒன்றுதான். மீதி 123 முறையும் நான்தான் போனேன். பேத்தியின் தாய் ஒரு முறைகூட, நீங்கள் ஏன் வருகிறீர்கள் என்று கேட்டதில்லை.

அந்த எட்டு மணி நேரத்தில் பெரிதாக ஒன்றும் செய்ய மாட்டோம். சாப்பிடுவோம். பேத்தி தொலைக்காட்சி பார்ப்பாள். நாலு மணிக்கு மேல் புளோக்கின் கீழ்த்தளத்தில் கயிறு தாண்டுவாள். அவள் தாண்ட வேண்டும், நான் எண்ண வேண்டும். அவளுடைய அதிகபட்சம் 214. நடுவில் நான் இருமினால்கூட, "தாத்தா, தப்பா எண்ணிட்டீங்க, முதல்லேர்ந்து!" என்பாள். அந்த ஞாயிறுகள் போய்விடக் கூடாது என்பது ஒன்றுதான் என் கவலை. அதோடு இன்னொரு ஆசையும் அன்று ரயிலிலேயே தொற்றிக்கொண்டது. தாய் மறுமணம் செய்துகொண்டால் பிள்ளை தகப்பன் வீட்டுக்கு வந்துவிடும் என்று என் மனதில் எங்கிருந்தோ பதிந்திருந்தது. யார் சொன்னது, எப்போது கேட்டது, தெரியாது. சின்ன வயதிலிருந்து பத்துப் பேராவது சொல்லிக் கேட்டிருப்பேன்.

மகனிடம் சொன்னேன். அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "தெரியும்பா. எனக்கு மெசேஜ் பண்ணிட்டா" என்றான்.

"பிள்ளை?"

"பிள்ளைக்கு என்ன?"

"இனி இங்கேதானே வரணும்?"

அவன் படுக்கப் போய்விட்டான். மறுத்துப் பேசவில்லை. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அந்த வாரமே சின்ன அறையிலிருந்த பழைய பெட்டிகளை, ஒன்பதையும், வெளியே எடுத்தேன். சுவரை அளந்து ஒற்றைக் கட்டிலும் மெத்தையும் வாங்கிப் போட்டேன்.

பிறகுதான் தேக்கா கடைத்தெருவுக்குப் போய் பாயிடம் கேட்டேன். பாய் என் நண்பர், துணிக்கடை வைத்திருப்பவர், கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். எங்கள் பழக்கம் நாற்பத்தொரு வருடம். சட்டம் தெரிந்தவர் என்று பெயர். ஏன் அந்தப் பெயர் வந்தது என்று யாருக்கும் தெரியாது.

"அண்ணே, எங்கள்ல ஒரு சட்டம் சொல்வாங்க" என்றார். "தாய் வேற ஆளைக் கட்டிக்கிட்டா பிள்ளைய வச்சுக்கிற உரிமை அவ கையை விட்டுப் போயிரும்."

"அதைத்தான் நானும் சொல்கிறேன்."

"இருங்கண்ணே, முடிக்கல. ஆனா அது உங்க கைக்கு வராது. அவளைப் பெத்த தாய் கைக்குப் போகும். இங்கே எங்க கோர்ட்டுல அதுகூட அப்படியே நடக்கும்னு இல்ல. பிள்ளைக்கு எது நல்லதுன்னு பாத்துத்தான் எழுதுவாங்க. அதுக்கு மேல, நீங்க எங்க ஆளும் இல்ல. உங்களுக்கு வேற கோர்ட்டு."

"அப்படியென்றால் எனக்கு என்ன சட்டம்?"

"அது எனக்கெப்படிண்ணே தெரியும்? நான் துணி விக்கிறேன் லா."

கட்டில் வாங்கியாயிற்று என்று சொன்னேன். பாய் நாடாவைச் சுருட்டி மேசையில் வைத்தார். "கட்டிலை யாரைக் கேட்டு வாங்குனீங்க?" என்றார். அதற்குப் பிறகு நான் குடித்த காப்பி ருசிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு. மணப்பெண்ணின் பெரியப்பா. எண்பது வயது. அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"சம்பந்தி, நான்தான் பேசறேன்."

"நான் இன்னும் சம்பந்தியா?"

"பழகின வாய், விடுங்க. ஒரு ஒத்தாசை. ஒம்பதாந்தேதி பிள்ளைய நீங்களே வச்சுக்கோங்க. ஹால் பக்கம் கூட்டிட்டு வர வேணாம்."

"அவள் தாய் சனிக்கிழமை வைத்துக்கொள்ளச் சொன்னாளே?"

"அவ சொல்வா. அவளுக்கு என்ன தெரியும்? பெத்தவ கழுத்துல தாலி ஏறுறதப் பிள்ளை பாக்கலாமா? எங்கயாச்சும் நடந்திருக்கா? தாலி கட்டி முடிஞ்சு சாயந்திரம் வரட்டும். உங்க நாள்தானே அது? நீங்க உங்க நாளைக் கேட்டா முடிஞ்சது."

வைத்த பிறகு நான் நெடுநேரம் தொலைபேசியைக் கையிலேயே வைத்திருந்தேன். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர், ஒரே நாளைப் பற்றி, ஒருவர் தா என்கிறார், ஒருவர் வைத்துக்கொள் என்கிறார். இதில் எது எனக்கு நல்லது? பிள்ளையை வைத்துக்கொண்டால், அவர்களே தள்ளிவிட்டார்கள் என்று நாளைக்கு நான் சொல்லலாமா? விட்டுக்கொடுத்தால், இந்த ஒரு ஞாயிறைக் காட்டி மற்ற ஞாயிறுகளையும் கேட்பார்களா? துறைமுகத்தில் ஒரு மூட்டை குறைவாக எண்ணிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த மூட்டை பிறகு எங்கேயும் கிடைக்காது. முப்பத்து நான்கு வருடப் பயம் அது. அதைக் கொண்டுபோய் இதில் வைத்தேன்.

மே 7, செவ்வாய்க்கிழமை, ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். தேக்காவில் ஒரு கடைக்கு மேலே இரண்டாம் மாடி, பத்தொன்பது படி. முப்பது வயதுகூட இருக்காது, தமிழ்ப் பெண். உத்தரவை ஒரு முறை படித்தார்.

"அங்கிள், ஒண்ணொண்ணா போவோம். கஸ்டடின்னா பெரிய முடிவுங்க. எந்த ஸ்கூல், என்ன வைத்தியம், அந்த மாதிரி. அது அப்பா அம்மா ரெண்டு பேருக்கும். கேர் அண்ட் கன்ட்ரோல்னா பிள்ளை யாரோட தங்குதுங்கிறது. அது அம்மா. ஆக்சஸ்னா வந்து பாக்கறது, கூட்டிட்டுப் போறது. அது அப்பா."

"தாத்தா?"

அவர் தாளைப் புரட்டினார். இரண்டே பக்கம்தான். "தாத்தா இதுல இல்ல அங்கிள்."

"தாய் கல்யாணம் செய்துகொண்டால் இதெல்லாம் மாறும், இல்லையா?"

"தானா எதுவும் மாறாது. மாத்தணும்னா உங்க மகன் கோர்ட்டுக்குப் போய்க் கேக்கணும். கேட்டா, பிள்ளைக்கு எது நல்லதுன்னு பாப்பாங்க. கல்யாணம் பண்ணிக்கிறது குத்தமில்லையே? அந்தப் பிள்ளைக்கு அங்க ஏதாச்சும் கஷ்டமா?"

இல்லை என்றேன். இல்லை என்று சொல்ல எனக்கு ஏன் தயக்கமாக இருந்தது என்று தெரியவில்லை. ஆறு வினாடியாவது எடுத்தேன்.

"அப்படியானால் ஜூன் ஒன்பது யாருடைய நாள்?"

"ஆர்டர்படி உங்க மகனோட நாள். ஆனா ஒரு தடவ மாத்திக் கொடுத்தா உரிமை ஒண்ணும் போயிடாது. நானா இருந்தா ஸ்வாப் பண்ணிட்டுப் போயிடுவேன் லா. எவ்ளோ சண்டைய பாக்கறோம், இவங்க நல்லாத்தானே பேசிக்கிறாங்க?"

அவர் சொன்னது தெளிவாகத்தான் இருந்தது. அந்த அறையில் இருந்த வரை புரிந்தது. பத்தொன்பது படி இறங்கி வருவதற்குள் குழம்பிவிட்டது. உரிமை போகாது என்று வாயால் சொன்னார். தாளில் எழுதித் தந்தாரா? ஆறு நாள் யோசித்துவிட்டு, திரும்பப் போய் ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். ஜூன் 9 உத்தரவுப்படி எங்கள் நாள், அதை நாங்கள் விட்டுத்தர இயலாது என்று. கடிதம் மகன் பெயரில்தான் போக முடியும் என்றார். தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"அப்பா, ஒரு நாள்தானே? விடுங்களேன்."

"இன்றைக்கு ஒரு நாள். அப்புறம்?"

"அப்புறம் என்ன? அவ என்ன நம்மள ஏமாத்தினாளா?"

"நீ பத்தொன்பது முறை போனவன். உனக்கு என்ன தெரியும்?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவன் முகம் தொங்கிவிட்டது. "கையெழுத்துப் போட்டா தூங்க விடுவீங்களா?" என்று கேட்டான். போட்டான். மே 13 கடிதம் போயிற்று.

மறுநாளே பெரியப்பா அழைத்தார். "நல்ல காரியம் பண்ணீங்க சம்பந்தி. சட்டப்படி கேட்டுட்டீங்க. இனி அவ வாயத் தெறக்க முடியாது."

அவர் சந்தோஷப்பட்டது எனக்குப் பிடிக்கவில்லை. நான் யாருக்காக அந்தக் கடிதத்தை எழுதினேன்?

பதில் மே 20 வந்தது. அவள் வழக்கறிஞர் எழுதியது. எங்கள் வழக்கறிஞர் பெண் அதை எனக்குத் தமிழில் சொன்னார். ஒன்று, பிள்ளையின் தாய் உத்தரவை அப்படியே பின்பற்றுவார். ஜூன் 9 காலை பத்து மணிக்கு மண்டபத்து வாசலில் பிள்ளையை ஒப்படைப்பார். இரண்டு, உத்தரவில் ஞாயிறு நேரம் தகப்பனுக்கு என்றுதான் இருக்கிறது. ஆகவே இனி எல்லா ஞாயிறும் தகப்பனே நேரில் வந்து அழைத்துப்போக வேண்டும், வேறு யாரிடமும் பிள்ளை தரப்படாது.

"வேறு யாரும் என்றால்?"

"நீங்கதான் அங்கிள்."

நான் உத்தரவை எடுத்துத் திரும்பப் படித்தேன். மூன்று வருடமாக வீட்டு அலமாரியில் இருந்த அதே தாள். தகப்பன் என்றுதான் போட்டிருந்தது. தாத்தா என்று எங்கும் இல்லை. அந்த 123 முறையும் அதற்குப் பிறகும் நான் போனது எந்தச் சட்டத்தின்படி? எந்தச் சட்டமும் இல்லை. அவள் சும்மா விட்டிருக்கிறாள். எழுத்துப்படி நடக்க வேண்டும் என்று கேட்டவன் நான். எழுத்துப்படி நடந்தால் எனக்கு அங்கே இடமில்லை என்பதை எண்ணிப் பார்க்காமல் போனது எப்படி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மே 26 மகனுக்கு ஷிப்ட். இருந்தும் நான் கிளமெண்டிக்குப் போனேன். 9.48 முதல் 10.40 வரை மூன்றாவது தூணருகே நின்றேன். எட்டு ரயில் வந்து போயிற்று. யாரும் வரவில்லை. ஜூன் 2 வீட்டிலேயே இருந்தேன்.

ஜூன் 9 அன்று மகன் விடுப்பு எடுத்திருந்தான். இருவரும் போனோம். மண்டபம் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில். வாசலில் வாழைமரம் இரண்டு, உள்ளே படி முப்பத்திரண்டு. வெயில் அப்போதே சுட்டது. 9.56-க்கு நாங்கள் நின்றோம். பத்து மணிக்கு யாரையாவது அனுப்புவார்கள் என்று நினைத்தேன்.

அவளே இறங்கி வந்தாள். கூறைப் புடவை, கழுத்து நிறைய மாலை, கையில் மருதாணி. பேத்தி மஞ்சள் பட்டுப் பாவாடையில், கன்னத்தில் ஒரு சின்னச் சந்தனத் தீற்றலோடு. தாயின் விரலைப் பிடித்திருந்தாள். மேலே யாரோ, "பொண்ணு எங்க? பொண்ணு எங்க?" என்று கத்தியது வாசல் வரை கேட்டது.

அவள் என் மகனைப் பார்த்து, "ஆறு மணிக்குக் கொண்டாந்து விட்டுடு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அங்கிள், சரியா பத்து. வேணும்னா எண்ணிப் பாத்துக்கோங்க."

சிங்கப்பூரில் என் வயது ஆளை யார் வேண்டுமானாலும் அங்கிள் என்பார்கள். டாக்சிக்காரர் சொல்வார், தபால்காரர் சொல்வார். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நான் தலையாட்டினேன். அவள் புடவையைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். பதினோராவது படியில் ஒரு கணம் நின்றாள். திரும்பவில்லை.

மூவரும் நடந்தோம். ஒரு கடையில் மாம்பழச் சாறு வாங்கிக் கொடுத்தேன். குழலை வாயில் வைத்துக்கொண்டு, "தாத்தா, மணி என்ன?" என்றாள்.

"பத்து பதினெட்டு."

கொஞ்ச தூரம் போய், "இப்ப?"

"பத்து இருபத்திரண்டு."

"அம்மா என்னைய பக்கத்துல நிக்கச் சொன்னாங்க. வெத்தலத் தட்டு நான்தான் பிடிக்கணும்னு. ரிகர்சல்லாம் பண்ணோம்." மகன் பக்கம் திரும்பினாள். "அப்பா, தட்டை இப்ப யாரு பிடிப்பா?"

மகன் பூக்கடை முன்னால் நின்றுவிட்டான். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "பெரியவங்க யாராவது பிடிப்பாங்கம்மா. பிள்ளைங்க அதையெல்லாம் பார்க்கக் கூடாதாம்" என்றேன்.

"ஏன்?"

ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. பெரியப்பா சொன்னது அவ்வளவுதான். பார்த்தால் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எழுபத்தைந்து வயதில் ஒன்பது வயதுப் பிள்ளையிடம் சொல்ல என்னிடம் காரணம் இல்லை.

"அப்பா, நீங்க இங்கயே இருங்க" என்று மகன் என்னிடம் சொன்னான். சாற்றை அவள் கையிலிருந்து வாங்கி என்னிடம் கொடுத்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே நடந்தான். கொஞ்சம் போனதும் அவளைத் தூக்கிக்கொண்டான். அவள் அதற்கு வளர்ந்த பிள்ளை. கால்கள் அவன் முழங்காலுக்குக் கீழே தொங்கின.

நான் பின்னால் போனேன். என்னால் அந்த வேகத்துக்குப் போக முடியவில்லை. வாசலுக்கு வந்தபோது 10.51. அவர்கள் மேலே போய்விட்டார்கள். முப்பத்திரண்டு படியையும் கீழிருந்து பார்த்தேன். என் கையில் பாதிச் சாறு. 10.54-க்குக் கெட்டிமேளம் கொட்டியது. சந்து முழுக்க அதிர்ந்தது. எதிர்க்கடைக்காரர் ஒருவர் வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். தட்டு யார் கையில் இருந்தது, பிள்ளை பார்த்தாளா, அதற்குள் மேடை வரை போயிருக்க முடியுமா? குறைந்தது மூன்று நிமிடம். படிக்கு அரை நிமிடம், செருப்புக் கழற்ற கொஞ்சம், கூட்டத்தை விலக்க எவ்வளவு? என்னால் கணக்கிட முடியவில்லை.

மகன் தனியாக இறங்கி வந்தான்.

"பிள்ளை எங்கே?"

"விட்டுட்டு வந்துட்டேன்."

"ஆறு மணி வரை நம்முடைய நேரம்டா!"

"என் நேரம்பா" என்றான். குரலை உயர்த்தவில்லை. "லெட்டர்ல அப்படித்தான போட்டிருக்கு? என் நேரத்த நான் கொடுத்துட்டேன்."

அவன் கண் சிவந்திருந்தது. தன் மனைவியாக இருந்தவளின் கல்யாண மண்டபத்துக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், அத்தனை பேர் பார்க்க விட்டுவிட்டு வந்திருக்கிறான். நான் அதை அப்போது நினைக்கவில்லை. ஆறு மணிக்கு இன்னும் ஏழு மணி நேரம் இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

அவனுக்குப் பின்னாலேயே பட்டு வேட்டி கட்டிய ஒருவர் வேகமாக இறங்கி வந்தார். கழுத்தில் மாலை. நாற்பது வயது இருக்கும், முன்தலை கொஞ்சம் வழுக்கை. மாப்பிள்ளை. அவர் கையில் தாம்பூலப் பை.

"ஐயா, மேல வாங்க. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

நான் வேறு எதையோ எதிர்பார்த்திருந்தேன். "பிள்ளை பார்த்ததா?" என்று கேட்டேன்.

"என்னத்தங்கய்யா?"

"ஒன்றுமில்லை."

அவர் பையை என் கையில் திணித்தார். தேங்காய், வெற்றிலை, ஒரு சின்ன லட்டுப் பெட்டி. கல்யாண வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று காலையில் ஓர் உறையில் மொய் வைத்திருந்தேன். சண்டை போடப் போகிறவன் மொய் கொண்டுபோவானா? அதை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "அடிக்கடி வாங்கய்யா" என்றார். அடிக்கடி எங்கே வருவது, எந்தத் தாளில் அப்படி இருக்கிறது என்று கேட்க நினைத்து, கேட்காமல் வந்தேன்.

பெரியப்பா அன்று மாலையே அழைத்தார். சம்பந்தி என்று தொடங்கவில்லை. "ஒரு சின்ன விஷயம் உங்களால சரியா செய்ய முடியல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அப்படியென்றால் பிள்ளை பார்த்திருக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன்.

பிறகு பதினொரு ஞாயிறு போயிற்று. மகனுக்கு ஓய்வு கிடைத்தது மூன்று. அந்த மூன்றிலும் பேத்தி வந்தாள். சின்ன அறைக் கட்டிலைப் பார்த்து, "இது யாருக்கு தாத்தா?" என்றாள். நான் மத்தியானம் தூங்குவதற்கு என்றேன்.

திரும்பவும் பத்தொன்பது படி ஏறி வழக்கறிஞர் பெண்ணிடம் போனேன். மகன் வர முடியாத ஞாயிறுகளில் நான் போக ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டேன்.

"அவங்க சரின்னா போதும் அங்கிள். ஒரு போன் பண்ணிக் கேட்டுப் பாருங்களேன்."

நான்கு நாள் கழித்து அழைத்தேன். "சொல்லுங்க" என்றாள். மாமா என்றும் சொல்லவில்லை, அங்கிள் என்றும் சொல்லவில்லை. கேட்டேன். பின்னால் பேத்தி ஏதோ பாடிக்கொண்டிருந்தது கேட்டது.

"அந்த லெட்டர் வந்த அன்னிக்கு நான் எவ்ளோ அழுதேன் தெரியுமா? வேற யாராச்சும் அனுப்பியிருந்தா அழுதிருக்க மாட்டேன்."

"தெரியாதும்மா."

"இனிமே எதுவா இருந்தாலும் லாயர் மூலமாவே பேசிக்கலாம். வாயால பேசி வச்சது போதும்."

அவள் சொன்னபடி லாயர் மூலம் எழுதினோம். பதில் வந்தது. தகப்பனுக்கு வேலையுள்ள ஞாயிறுகளில், ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, தாத்தா பிள்ளையைப் பார்க்கலாம். கிளமெண்டியை விட்டு வெளியே அழைத்துப்போகக் கூடாது. இது நல்லெண்ணத்தால் தரப்படுவது, உரிமை அல்ல. எட்டு மணி நேரம் இரண்டாயிற்று. வாரம் ஒரு முறை என்பது இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாயிற்று. ஆனால் இப்போது என்னைப் பற்றி ஒரு தாளில் எழுதியிருக்கிறது. முன்பு இருந்தது நிறைய, தாள் இல்லை. இப்போது இருப்பது கொஞ்சம், தாள் இருக்கிறது. நான் ஜெயித்தேனா என்று பாய் கேட்டார். நாற்பத்தொரு வருட நண்பரிடம் என்னால் ஆம் என்றும் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

போன ஞாயிறு போயிருந்தேன். அவர்கள் புளோக்கின் கீழே, கல்மேசைக்குப் பக்கத்தில் பேத்தி கயிறு தாண்டினாள். நான் எண்ணினேன். 160 தாண்டியதும், அன்றைக்கு அம்மா கல்யாணத்தில் தட்டு யார் பிடித்தார்கள் என்று கேட்டுவிடலாமா என்று தோன்றியது. அந்த யோசனையில் எண்ணிக்கை தவறிவிட்டது. அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"தாத்தா! முதல்லேர்ந்து!"

மணி பதினொன்று ஐம்பத்தொன்பது. முதலிலிருந்து எண்ண நேரம் போதாது. ஆனாலும் எண்ணினேன். எண்பத்தேழில் அவள் தாய் வந்து நின்றாள். கூப்பிடவில்லை. கயிறு காலில் சிக்கும் வரை காத்திருந்தாள். 131. மணி பன்னிரண்டு மூன்று. மூன்று நிமிடம் அதிகம். அவளும் கடிகாரத்தைப் பார்த்தாள். அந்த மூன்று நிமிடத்தை எந்தக் கணக்கில் வைப்பது என்று ரயிலில் ஐந்து நிலையமும் யோசித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தேன். வழக்கறிஞரை முதல் முறை பார்த்தது 250 சிங்கப்பூர் வெள்ளி. முதல் கடிதம் 600. இரண்டாவது கடிதம் 450. அவற்றுக்கு ஜிஎஸ்டி 117. கட்டில், மெத்தை 329. மாம்பழச் சாறு மூன்று வெள்ளி ஐம்பது காசு. அதில் பாதியை நான் குப்பையில் போட்டேன். மொய் 51. ஆக மொத்தம் ஆயிரத்து எண்ணூறு வெள்ளி ஐம்பது காசு.